வெளிநாட்டு டிக்கெட்டுக்குக் கார்டில் பணம் கட்டும் முன்: கோத்தகிரி கடையிலிருந்து சில யோசனைகள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்றிதழ், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று வருகிற கூட்டத்தில் வெளிநாட்டு டிக்கெட் போட வருகிறவர்களும் உண்டு. மகள் பிரசவத்துக்கு மெல்போர்ன் போகிற அம்மா, சிங்கப்பூரில் வேலை கிடைத்த பையன், அப்புறம் இலங்கைக்குப் போகிறவர்கள். இங்கே தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் நிறையக் குடும்பங்களுக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் இன்னும் சொந்தபந்தம் இருக்கிறது. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். கல்யாணம், கருமாதி என்றால் போய்த்தானே ஆக வேண்டும்.

கடையில் கேட்கும் புகார் இரண்டே வகை. டிக்கெட் போடும்போது, "அக்கா, கார்டை எடுக்க மாட்டேங்குது." ஸ்டேட்மென்ட் வந்த பிறகு, "அக்கா, ஓட்டல் வாடகையைவிட எழுநூறு ரூபாய் சேர்த்துப் பிடிச்சிருக்காங்க, நீங்க கமிஷன் போட்டீங்களா?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். திரையில் விலை ரூபாயில் தெரிகிறது என்பதற்காக அது உள்ளூர் வியாபாரம் ஆகிவிடாது. பணத்தை வாங்கிக்கொள்ளும் கம்பெனியின் வங்கிக் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கார்டு திரும்பி வருவதற்கும் சரி, கூடுதலாகக் காசு போவதற்கும் சரி, பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கார்டின் பூட்டு

2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. புதிதாகத் தருகிற கார்டு இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, மெஷினில் தட்டிக் கட்டுவது எல்லாம் நாமாகக் கேட்டால்தான் திறக்கும். பழைய கார்டாக இருந்தாலும், அதுவரை ஆன்லைனிலோ வெளிநாட்டிலோ ஒரு தடவைகூடப் பயன்படுத்தாததற்கு அந்தப் பூட்டு விழுந்துவிட்டது. ஆகவே கார்டு கெட்டுப்போகவில்லை, பூட்டித்தான் இருக்கிறது.

வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். அதற்குள்ளேயே ஆன்லைன், கடை மெஷின், ஏடிஎம் என்று தனித்தனிச் சுவிட்ச் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி லிமிட். சுவிட்ச் ஆனில் இருக்கும், லிமிட் மட்டும் பூஜ்யத்தில் நிற்கும். இல்லையென்றால் ஐம்பதாயிரத்தில் நிற்கும், நாம் இரண்டு பேருக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருப்போம். அது எப்படிப் போகும்? டிக்கெட் தொகைக்குக் கொஞ்சம் மேலே லிமிட்டை வைத்துச் சேமித்துவிட்டு, அப்புறம் பணம் கட்டும் பக்கத்துக்குப் போங்கள். ஆப் இல்லாதவர்கள் நெட்பேங்கிங்கிலோ, வங்கியின் போன் சேவையிலோ இதையே செய்யலாம்.

கார்டையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். சில டெபிட் கார்டுகளில் 'இந்தியாவில் மட்டும் செல்லும்' அல்லது 'இந்தியா, நேபாளத்தில் மட்டும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தச் சுவிட்சைத் தட்டியும் பிரயோஜனம் இல்லை. சாதாரண ரூபே கார்டும் இப்படித்தான். வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலும் எடுபடாது. டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் போன்றவற்றோடு இணைந்த ரூபே இன்டர்நேஷனல் கார்டு வேறு ரகம், அதுவும் எல்லா இடத்திலும் போகாது. விசா, மாஸ்டர்கார்டு என்றால் கவலை குறைவு.

ஒரு தடவை மறுத்ததும் அதே கார்டைத் திரும்பத் திரும்பப் போடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. செய்யாதீர்கள். இதுவரை கோத்தகிரி மளிகைக் கடையிலும் மேட்டுப்பாளையம் பெட்ரோல் பங்கிலும் மட்டுமே தேய்த்த கார்டு திடீரென்று ராத்திரி பதினொரு மணிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கு லட்ச ரூபாய் கேட்டால், வங்கியின் கம்ப்யூட்டர் திருட்டு என்றுதான் நினைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் கார்டையே முடக்கிவிடலாம். நிறுத்திவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்து "நான்தான் டிக்கெட் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். கஸ்டமர் கேர் என்ற பேரில் அங்கே கிடைக்கிற போலி எண்களுக்குக் கணக்கே இல்லை.

முகவரியும் சில சமயம் காலை வாரிவிடும். நம் பின்கோடு ஆறு இலக்கம், கோத்தகிரிக்கு 643217. அமெரிக்கத் தளங்கள் ஐந்து இலக்கம்தான் கேட்கும், ஆறாவது எண்ணை உள்ளே விடாது. முதலில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்கோடு போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹட்டியிலோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைன் வீட்டிலோ இருப்பவர்களுக்குக் கதவு எண் என்று ஒன்று இருக்காது. நீங்களாக ஒன்றைக் கற்பனை செய்யாமல், வங்கியில் கொடுத்த முகவரியை அப்படியே போடுங்கள். பேரும் கார்டில் இருக்கிறபடி, இனிஷியல் உட்பட.

இன்னொன்று, என் கடையின் சட்டம். உங்கள் கார்டு எண்ணையும் பின்னால் இருக்கிற மூன்று இலக்கத்தையும் நீங்களே அடிக்க வேண்டும். கண் தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தருவேன், கார்டை வாங்க மாட்டேன். எந்தக் கடையிலும் கார்டு எண்ணைப் பிரவுசரில் சேமிக்க விடாதீர்கள்.

ரூபாய்க் குறியை நம்பலாமா?

பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் இரண்டு ராத்திரி தங்க 200 டாலர் வாடகை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும், ஒரு டாலருக்கு 90 ரூபாய். ஆக 18,000 ரூபாய்.

சாதாரண கார்டில் டாலராகவே கட்டினால், வங்கி பெரும்பாலும் 3.5 சதவீதம் மார்க்கப் போடும், அதாவது வெளிநாட்டு நாணயத்தை மாற்றித் தருவதற்கான கட்டணம். அது 630 ரூபாய். அந்த 630-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 113 ரூபாய் 40 காசு. மொத்தம் 18,743 ரூபாய் 40 காசு. மேலே சொன்ன எழுநூறு ரூபாய்ப் புகாரின் மர்மம் இவ்வளவுதான். மார்க்கப் 2 சதவீதம் உள்ள கார்டு என்றால் ஜிஎஸ்டியோடு கூடுதல் 424 ரூபாய் 80 காசு. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன.

இப்போது அதே பக்கத்தில், "உங்கள் வசதிக்காக இந்திய ரூபாயிலேயே கட்டுங்கள்" என்று ஒரு பெட்டி வரும். பல சமயம் அதில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். டாலர், சென்ட் என்று குழம்ப வேண்டாமே என்று எல்லோரும் அதையே விட்டுவிடுவார்கள். அந்த ரூபாய்த் தொகை அவர்கள் போட்ட ரேட். அன்றைய ரேட்டைவிட 5 சதவீதம் ஏற்றி வைத்திருந்தால் 18,900. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பணம் போவது வெளிநாட்டுக் கணக்குக்குத்தான் என்பதால், ரூபாயில் கட்டினாலும் நம் வங்கிகளில் பல, 1 சதவீதம் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடுகின்றன. 189 கூட்டல் 34. ஆக 19,123 ரூபாய். டாலரில் கட்டியிருந்தால் மிச்சமாகியிருக்கும் காசில் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஊர் திரும்ப பஸ் சார்ஜ் கட்டியிருக்கலாம்.

ஆகவே வெளிநாட்டுக் கம்பெனி ரூபாயில் கட்டச் சொன்னால் டிக்கை எடுத்துவிட்டு, அந்த ஊர் நாணயத்தையோ டாலரையோ தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் காட்டுகிற ரேட்டை அன்றைய ரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

எது உள்ளூர்க் கணக்கு, எது வெளிநாட்டுக் கணக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்ப்பது பணம் கட்டும் பக்கத்தில் என்னென்ன வழிகள் காட்டுகிறது என்பதை. யூபிஐ, நெட்பேங்கிங், ரூபே என்று வரிசையாக வந்தால் அது பெரும்பாலும் இந்திய கேட்வே, அதாவது இந்தியாவிலேயே பணத்தை வாங்கிக்கொள்ளும் வழி. பயமில்லாமல் கட்டலாம், யூபிஐ லிமிட் போதுமென்றால் அதிலேயே கட்டிவிடுங்கள். வெறும் விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் படங்கள் மட்டும் தெரிந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். கடைசிச் சோதனை ஓடிபி செய்தி. பல வங்கிகள் அதில் தொகையையும் நாணயத்தையும் எழுதியே அனுப்புகின்றன. அதை முழுதாகப் படித்துவிட்டு ஓடிபியை அடியுங்கள். அடிக்காத வரைக்கும் பணம் உங்களுடையது.

விமான டிக்கெட்டில் இந்தத் தொல்லையைச் சுலபமாகத் தவிர்க்கலாம். விமான நிறுவனத்தின் தளத்தில் மேலே ஒரு மூலையில் நாடு தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அதில் இந்தியா இருக்கட்டும். பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறதோ அந்த நாட்டு நாணயத்தில்தான் பொதுவாக விலை வரும். திருச்சியிலிருந்து கொழும்பு போய்த் திரும்புவதை ஒரே டிக்கெட்டாகப் போட்டால் முழுத் தொகையும் இந்திய ரூபாயில் முடிந்துவிடும். போவதை இப்போது, வருவதை அப்புறம் என்று பிரித்துப் போட்டால், திரும்பும் டிக்கெட் கொழும்பில் தொடங்குகிறது. விலை அந்த ஊர்க் காசிலோ டாலரிலோ வரும், மார்க்கப்பும் கூடவே வரும்.

இலங்கைக்குப் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: அவர்கள் காசுக்கும் பேர் ரூபாய்தான். ஒரு பெரியம்மா நுவரெலியாவில் அறை வாடகையைப் பார்த்துவிட்டு, "ராத்திரிக்கு இருபதாயிரமா? நான் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கறேன்" என்று எழுந்தே விட்டார். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல். எண்ணுக்குப் பக்கத்தில் எல்கேஆர் (இலங்கை ரூபாய்) என்று இருக்கிறதா, ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டலுக்குக் கட்டும்போது தேதி முக்கியம்

புக்கிங் டாட் காம், அகோடா போன்ற தளங்களில் விலையை ரூபாயில் காட்டச் சொல்லலாம். ஆனால் பணத்தை யார், எப்போது, எந்த நாணயத்தில் எடுப்பார்கள் என்பது ஒவ்வொரு அறைக்கும் மாறும். முன்பதிவு செய்யும் முன் அந்த வரியைப் படியுங்கள். 'ஓட்டலில் கட்டலாம்' என்று இருந்தால் கார்டு எண் உத்தரவாதத்துக்கு மட்டும்.

வேலை முடிந்ததும் இன்டர்நேஷனல் சுவிட்சை அணைத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். வெளிநாட்டுத் தளங்களில் சில ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும், அதனால் திறந்து போட்டிருப்பது ஆபத்து. ஆனால் இலவசமாக ரத்து செய்யலாம் என்கிற அறைகளுக்குப் பணத்தை உடனே எடுக்க மாட்டார்கள். போவதற்குச் சில நாள் முன்பு எடுப்பார்கள். அன்றைக்குச் சுவிட்ச் அணைந்திருந்தால் பணம் போகாது, சத்தமில்லாமல் அறை ரத்தாகிவிடும். எடுக்கப்போகிற தேதியைக் காலண்டரில் எழுதி, அதற்கு முதல் நாள் திறந்து வையுங்கள்.

மலையில் ஓடிபி

சமவெளிக்காரர்களுக்குப் புரியாத பிரச்சினை இது. சோளூர்மட்டம், கோடநாடு பக்கமிருந்து வருகிறவர்கள், "வீட்டில் உட்கார்ந்து போட்டேன், ஓடிபி வந்தபோது நேரம் முடிந்துவிட்டது" என்பார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். பணம் கட்டும் முன் உங்கள் போனுக்கு நீங்களே ஒரு எஸ்எம்எஸ் வரவழைத்துப் பாருங்கள். வங்கியின் மிஸ்டு கால் பேலன்ஸ் சேவையே போதும். சில வங்கிகள் ஓடிபியை மெயிலுக்கும் அனுப்பும், சிலது ஆப்புக்குள்ளேயே ஒப்புதல் கேட்கும். வைஃபை இருக்கிற இடத்தில் அது கை கொடுக்கும். வங்கியில் பதிந்திருக்கும் எண் கோயம்புத்தூரில் இருக்கும் மகனுடையது என்றால், மகனை லைனில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நடுவில் பக்கம் நின்றுபோனால் ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். பணம் போய் டிக்கெட் வராவிட்டால் உடனே இன்னொரு தடவை கட்ட வேண்டாம். மெயிலைப் பாருங்கள், விமான நிறுவனத்திடம் கேளுங்கள். உள்நாட்டுக் கணக்கில் கட்டியது என்றால், வியாபாரிக்கு உறுதி போகாத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. வெளிநாட்டுக் கணக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. ரூபாய்க் குறியை நம்பாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கார்டு?

என் யோசனை, முன்பதிவுக்குக் கிரெடிட் கார்டு. டெபிட் கார்டில் தப்பு நடந்தால் போவது உங்கள் சேமிப்பு, திரும்பி வரும்வரை கை கட்டி நிற்க வேண்டும். ஓட்டலில் டெபாசிட்டாகத் தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டில் அது நிஜப் பணமாக முடங்கும். கார் வாடகைக்கு எடுக்கப் பல இடங்களில் டெபிட் கார்டைத் தொடவே மாட்டார்கள்.

"எனக்கு யார் கிரெடிட் கார்டு தருவாங்க?" என்று கேட்பார்கள். நியாயம்தான். பச்சைத் தேயிலை கொடுத்து ஆலையில் காசு வாங்குகிற சிறு விவசாயிக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஆனால் பிக்சட் டெபாசிட்டை அடமானமாக வைத்துக் கார்டு தரும் வங்கிகள் பல இருக்கின்றன. வருமானச் சான்று கேட்பதில்லை. அப்படித் தரும் கார்டுகளிலேயே மார்க்கப் இல்லாததும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் கட்டணப் பட்டியலில் 'ஃபாரின் கரன்சி மார்க்கப்' என்ற வரியை மட்டும் பார்த்தால் போதும், மற்ற விளம்பரமெல்லாம் அலங்காரம்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு. அதில் ஏற்றியிருக்கும் நாணயத்தில் செலவழித்தால் நல்லது. ஏற்றாத நாணயத்தில் செலவழித்தால் அதற்கும் மாற்றுக் கட்டணம் உண்டு. இலங்கை ரூபாயை ஏற்ற வழி பெரும்பாலான கார்டுகளில் இல்லை, ஆகவே கொழும்புக்கு அதைப் பெரிதாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்றால் வாங்கலாம்.

டிசிஎஸ் வரியைப் பற்றிப் பயந்துகொண்டு வருவார்கள். பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி அது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அது வரும். 2025 ஏப்ரல் 1-க்கு முன் இந்த வரம்பு 7 லட்சம். டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் இந்தக் கணக்கில் சேரும். டிக்கெட், ஓட்டல், சாப்பாடு என்று சேர்த்து விற்கும் டூர் பேக்கேஜுக்கு மட்டும் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், இல்லை திரும்ப வாங்கலாம். வரியே கட்டாதவர்கள் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தக் காசு அப்படியே போனதுதான்.

அங்கே போன பிறகு

ஓட்டலிலும் கடையிலும் மெஷினைத் திருப்பிக் காட்டுவார்கள். மேலே ஒரு தொகை உள்ளூர்க் காசில், கீழே இன்னொன்று ஐஎன்ஆரில். உள்ளூர்க் காசை அமுக்குங்கள். கேட்காமலே ரூபாயை அமுக்கிவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடுங்கள். இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து யூபிஐயும் நடக்கிறது; ஆப்பில் யூபிஐ இன்டர்நேஷனல் என்பதைத் திறந்துவிட்டுப் போனால், அதை ஏற்கும் கடைகளில் ஸ்கேன் செய்து கட்டலாம்.

உங்கள் சிம்முக்கு ரோமிங்கை இங்கேயே திறந்துகொண்டு கிளம்புங்கள். விமானம் ஏறிய பிறகு திறப்பது பெரும் பாடு, ஓடிபி வராத கார்டை வைத்துக்கொண்டு ஆன்லைனில் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் செய்யாத செலவு எதற்காவது குறுஞ்செய்தி வந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தப்போ வங்கியின் தப்போ இல்லாமல் வெளியாள் எடுத்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு இல்லை. கார்டின் பின்னால் இருக்கும் வங்கியின் போன் எண்ணைப் போட்டோ எடுத்து வைப்பது வேண்டாம், மூன்று இலக்கமும் சேர்ந்து விழுந்துவிடும். வங்கியின் எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.